ஆவாரம்பட்டைக்கு வைத்த தீ

1

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஊர் இந்தியர் சங்கத்துக் காரியதரிசி என்னை வழியில் மடக்கினார். வருஷா வருஷம் நடத்தும் தேச தினக் கூட்டம் வருகிறதாம். இந்த முறை நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவரே கையோடு கொண்டுவந்திருந்தார்: 'உண்மையான தேசபக்தன் யார்?'

"வேற ஆளைப் பாருங்க," என்றேன்.

"நீங்க ஆம்பூர் போய்ட்டு வந்தவரு. அங்க நடந்த போராட்டத்தக் கண்ணால பார்த்தவரு நம்மள்ல நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

பார்த்தேன் ஐயா, நன்றாகவே பார்த்தேன். அதனால்தான் பேச மாட்டேன் என்கிறேன். மேடை ஏறினால் என் வாயிலிருந்து வருவது அவருடைய கூட்டத்துக்கு ஆகாது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. தட்டைத் தள்ளினேன், கதவை அடித்துச் சாத்தினேன். என் மனைவி மேரி சமையலறையிலிருந்து கத்தினாள்: "மேடையில பேச வேணாம்னா எழுதித் தொலைங்களேன். எங்க மேல ஏன் பாயறீங்க?"

ஆகையால் எழுதுகிறேன். ஊரிலிருப்பவர்கள் படியுங்கள். படித்துக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வந்திருக்கிறதே, உங்களுக்கு மட்டும் வரக் கூடாதா?

2

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில். டர்பன் துறைமுகத்திலிருந்து ரயிலேறி உள்ளே வந்தால் மலைச்சரிவு முழுக்க வாட்டில் என்கிற மரம் நிற்கும். அதன் பட்டையை உரித்து, காயவைத்து, ஆலையில் நறுக்கி, கோணியில் அடைத்துக் கப்பலேற்றுகிறார்கள். தோல் பதனிட அது உதவும். உரிக்கிறவர்களில் இந்த மண்ணின் ஜூலுக்காரர்கள் உண்டு. மற்றவர்களைக் கேட்டால் ஆற்காடு, குடியாத்தம், நெமிலி, திமிரி என்று நம் பக்கத்து ஊராகவே சொல்வார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்து, பட்டைக்கு மாறியவர்கள். நானும் அப்படித்தான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்திருந்ததால் என்னை எடைபோடுகிற இடத்தில் வைத்தார்கள்.

எடை போட்டதும் கோணிமேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துக் கருப்பு மை தடவ வேண்டும். ஆலையின் பெயர், அதன் கீழே நேட்டால், அதன் கீழே மெட்ராஸ். எல்லாம் இங்கிலீஷில். இத்தனை வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் விரல் நகத்துக்குள் இருக்கும் மை மேரி எத்தனை தேய்த்தும் போகவில்லை.

மெட்ராஸில் இறங்கும் அந்தக் கோணிகள் எங்கே போகின்றன? வாணியம்பாடிக்கு, பேரணாம்பட்டுக்கு, ஆம்பூருக்கு. ஆம்பூரில் நான் பிறந்த சேரிக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரிகளுக்கு. என் நைனா இடுப்பளவு பட்டைத் தண்ணீரில் நின்று தோல் புரட்டிய தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எல்லாம் ஆவாரம்பட்டைதான். மலையடியில் வளரும் ஆவாரஞ்செடியை வெட்டி, தட்டி, பட்டையை உரித்துச் சேரிப் பெண்கள் கொண்டுவந்து போடுவார்கள். வாட்டில் வந்த பிறகு தோல் சீக்கிரம் பதமாகிறது என்று முதலாளிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். ஆவாரம்பட்டை நின்றுபோகவில்லை. என் அக்கா ராகேல் இன்றைக்கும் அதை உரித்துத்தான் சாப்பிடுகிறாள்.

இதைப் பெருமையாக ஒருநாள் என் மகன் பீட்டரிடம் சொன்னேன். நான் அனுப்புகிற பட்டையும் உன் அத்தை உரிக்கிற பட்டையும் ஒரே தொட்டியில் ஊறுகின்றன என்றேன். அவன் இங்கிலீஷில், "அப்பா, அத்தை என்றால் யார்?" என்று கேட்டான். முறை சொல்லி விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டு ஜூலுப் பையன்களோடு பந்து விளையாடப் போய்விட்டான். எனக்கு அன்றைக்கே உறைத்தது, இன்னும் கொஞ்சம் போனால் இவனுக்கு ஆம்பூர் என்பது அப்பா தூக்கத்தில் உளறுகிற ஒரு வார்த்தையாகிவிடும். ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் அப்போது பிடித்தது.

3

திரும்புவது லேசு. இந்தச் சர்க்காரே ஆசையாக அனுப்பிவைக்கும். இனி இங்கே வர உரிமையில்லை என்று கைநாட்டு வைத்துவிட்டால் கப்பல் சீட்டு இனாம். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால்தான் பாடு. போட்டோ எடுக்க வேண்டும், பத்து விரலையும் மையில் தோய்க்க வேண்டும், இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி என்னைக் கேட்டான்: "உன் ஊருக்குத்தானே போகிறாய்? அப்புறம் எதற்குத் திரும்பி வர வேண்டும்?"

பத்து விரலையும் மையில் தோய்த்துக் கொடுத்தேன். போய்ப் பார்த்து, பிடித்தால் அங்கேயே இருந்துவிடுவது, பீட்டரையும் மேரியையும் வரவழைப்பது, பிடிக்காவிட்டால் திரும்புவது என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஆலையில் லீவு சொல்லி, கைக்காசில் சீட்டு வாங்கிக் கப்பலேறினேன்.

ஆம்பூர் ரயிலடியில் இறங்கி மாட்டுவண்டி ஏறினேன். மாடு நின்றுவிட்டது. நான் என்னையறியாமல் "ஹம்பா! ஹம்பா!" என்று அதட்டினேன். ஜூலுவில் 'போ' என்று அர்த்தம். வண்டிக்காரன் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சாமி, எந்த தேசம்?"

"இதே ஊர்தான்யா," என்றேன். அவன் நம்பவில்லை.

4

ஊர் இரண்டாகக் கிடந்தது. ஒன்று கதர்க் கட்சி. அதற்குத் தலை வக்கீல் வரதன். அந்நியச் சரக்கைத் தொடாதவனே தேசபக்தன், தொடுகிறவன் துரோகி என்பது அவர் பேச்சு. துணியைக் கொளுத்தி முடித்துவிட்டு, இப்போது நேட்டால் பட்டைக்கு வந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் நம் ஜனங்களை நாயாய் நடத்துகிற நேட்டாலிலிருந்து பட்டை எதற்கு என்று டேனரி வாசலில் மறியல்.

இன்னொன்று ஹாஜியார் கட்சி. ஹாஜியார் என்றால் டேனரி முதலாளி. "நாலு பேருக்கு வேலை குடுக்கறவன்தான் தேசபக்தன். தொழிலை மூடிட்டு ராட்டை சுத்தினா தேசம் பொழைச்சுடுமா?" என்பது அவர் பேச்சு. கவர்னர் வந்தால் மாலை போடுவதும் அவருக்குத் தேசபக்தியில் சேர்த்தி.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே காபி கிளப்பில் உட்கார்ந்துதான் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்வார்கள். எங்கள் சேரி ஆட்கள் அந்தக் கிளப்புக்குள் கால் வைக்க முடியாது. ஆகையால் தேசபக்தியைப் பற்றி நான் கேட்ட விவாதமெல்லாம் வெளியே சாக்கடையோரம் நின்று கேட்டதுதான்.

அக்கா வீட்டில் அதைவிடக் கூத்து. அக்கா பட்டை போடுவது ஹாஜியார் டேனரிக்கு. அவள் மகன் தாவீது கதர்க் கட்சித் தொண்டன். நல்ல வாட்டசாட்டமான பையன், கல்யாண வயசு. வீட்டுக்கே வராமல் தொண்டர் முகாமிலேயே தங்கிவிட்டான்.

"அவன் தேசத்தக் காப்பாத்தப் போய்ட்டான். நான் அவன் கஞ்சிக்குப் பட்டை உரிக்கிறேன்," என்றாள் அக்கா. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

நான் வந்திருப்பது தெரிந்ததும் வக்கீல் ஆளனுப்பினார். நேட்டாலில் அவதிப்பட்ட சகோதரர் பொதுக்கூட்டத்தில் பேச வேண்டும் என்றார். தாவீது முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான். "மாமா, நீங்க பேசினா என் மானம் ஏறும் மாமா." அவனுக்காகப் போனேன்.

மேடையில் எல்லாருக்கும் நூல் மாலை போட்டார்கள். வக்கீல் தம் கையாலேயே ஒவ்வொருவர் கழுத்திலும் போட்டார். என் முறை வந்ததும் மாலையை என் கையில் கொடுத்து, "போட்டுக்கோங்க," என்றார். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். என் கழுத்தில் படாமல் என்னைச் சகோதரன் ஆக்கிய அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வேன்! நானே போட்டுக்கொண்டேன்.

பேசினேன். கைரேகை வாங்குவதைச் சொன்னேன், டிராமிலிருந்து இறக்கிவிட்டதைச் சொன்னேன். கூட்டம் ஆவேசப்பட்டது. பிறகு இதையும் சொன்னேன்: "நீங்க அந்நியப் பட்டைன்னு சொல்றீங்களே, அதை உரிக்கிறவன் யாரு? இதோ பக்கத்துத் திமிரிக்காரன். மூட்டை தைக்கிறவ ஆற்காட்டுக்காரி. எடை போடறவன் நான். பட்டையை நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா அதுல பட்ட கை அந்நியக் கைன்னு சொல்லாதீங்க."

வக்கீலின் ஆள் ஒருவன் என் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தான். "நேரம் ஆய்டுச்சு, உக்காருங்க." உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. நான் சொன்னது தப்பா? இன்னொரு தரம் ஏற்றினாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாளே முகாமில் தாவீதைப் பிடித்துக்கொண்டார்கள். உன் மாமன் ஹாஜியார் ஆளா? உன் அம்மா அங்கேதானே பட்டை போடுகிறாள்? சேரிக்காரன் எல்லாம் டேனரிச் சோறு தின்கிறவன்தானே, உன்னை எப்படி நம்புவது? இப்படிக் கேட்டார்களாம். தேசபக்திக்கும் ஜாமீன் கேட்கிற கட்சி அது.

5

நாலைந்து நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில், டேனரிக்கு இரண்டு வண்டி வந்தது. மறியல்காரர்கள் வழிமறித்தார்கள். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். வண்டி நிறையக் கோணி. ஒவ்வொன்றிலும் கருப்பு மையில் இங்கிலீஷ் எழுத்து. ஆலையின் பெயர், நேட்டால், மெட்ராஸ். நான் தடவிய மை. ஒரு கோணியில் தகரம் நழுவி எழுத்து இரட்டையாக விழுந்திருந்தது. கடல் தாண்டி வந்து என் கைவேலையை நடுத்தெருவில் பார்த்ததும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. என் ஆலைப் பட்டைதான் என்று நானும் நினைத்தேன். இதை நினைவில் வையுங்கள்.

வண்டிக்காரர்களை விரட்டி, மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிகளைக் குடைசாய்த்தார்கள். வக்கீல் தீப்பந்தத்தை வாங்கித் தாவீதிடம் நீட்டினார்.

"நீ உண்மையான தேசபக்தன்னா உன் கையால வை. உங்க ஜனம் யார் பக்கம்னு ஊர் பார்க்கட்டும்."

தாவீது என்னைப் பார்த்தான். நான் "வேணாம்டா" என்றேன். அந்தக் கூச்சலில் அவனுக்குக் கேட்டிருக்காது. வைத்துவிட்டான். நன்றாகக் காய்ந்த பட்டை, மளமளவென்று பிடித்தது. 'ஜே' போட்டார்கள்.

அப்போது மலையடிப் பாதையிலிருந்து சேரிப் பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் என் அக்கா. வண்டியை அனுப்பிவிட்டு, எடைபோடும் நேரத்துக்கு வந்து சேரலாம் என்று குறுக்கு வழியில் நடந்து வந்தவர்கள்.

"அடப்பாவிங்களா! அது ஆவாரம்டா! நாங்க உரிச்ச ஆவாரம்டா!"

வக்கீல் ஒரு கோணியைச் சுட்டிக்காட்டினார். "இங்கிலீஷ்ல நேட்டால்னு போட்டிருக்கேம்மா."

"அது காலிக் கோணிய்யா! டேனரில பட்டை அள்ளிவரச் சொல்லிக் குடுத்த காலிக் கோணி! எழுத்த ஏன்யா பாக்கற, உள்ள இருக்கற பட்டையப் பாருய்யா!"

கடல் தாண்டிப் போன என்னைத் தவிர எங்கள் சேரியில் இது தெரியாதவன் கிடையாது. வாட்டில் வந்த கோணியை டேனரியில் எறிய மாட்டார்கள், ஆவாரம் உரிக்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். மறியலில் நின்ற ஒருவன்கூட ஒரு நாளும் பட்டை மூட்டையைத் தலையில் வைத்தவன் இல்லை. தாவீது வைத்தவன். ஆனால் அவன் அன்றைக்குக் கோணியையா பார்த்தான்? வக்கீல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வெறுங்கையால் தீயிலிருந்து ஒரு கோணியை இழுத்தாள். நானும் இன்னொரு பெண்ணும் அவளைப் பிடித்து இழுத்தோம். கோடை முழுக்க அவர்கள் உரித்துக் காயவைத்த பட்டை கண்ணெதிரே எரிந்து முடிந்தது. தாவீது பந்தத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், "யம்மா… யம்மா…" என்று நின்றுகொண்டிருந்தான்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போனது போகட்டும். கோணியாவது அந்நியக் கோணிதானே," என்றார்.

இதற்கு மேல் நான் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

6

போலீஸ் வந்தது. வக்கீலையும் சில தொண்டர்களையும் தாவீதையும் பிடித்துக்கொண்டு போனது. கேஸ் வேண்டாமென்று கேட்க அக்கா கையில் கொப்புளத்தோடு ஹாஜியார் வாசலில் போய் நின்றாள். நான் கூடப் போனேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அக்காவைப் பார்த்ததும் கண் கலங்கினார்.

"அரே, இன்னா பேஜார்மா இது. உன் பட்டை, உன் புள்ள வச்ச நெருப்பு. நான் இன்னா செய்யறது? கேஸ் வேணாம்னு சொன்னா என்னையும் சர்க்கார் அவங்க தோஸ்த்னு எழுதிக்கும்."

"எரிஞ்சது எங்க பட்டைதானேய்யா. எங்களுக்கு இல்லாத ஆத்திரம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள் அக்கா.

அவர் தலை குனிந்துகொண்டார். கேஸ் மட்டும் நிற்கவில்லை.

கோர்ட்டில் கதர்க் கட்சிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். மறியல் செய்தோம் என்றார்கள். தீ வைத்ததைக் கேட்டபோது வக்கீல் வரதன் சொன்னதை என் காதால் கேட்டேன்: "சுதேசிப் பட்டையைக் கொளுத்துவது எங்கள் கொள்கை அல்ல. இந்தப் பையன் தானாகச் செய்தது. எங்களைக் கெடுக்க எதிர்க் கட்சி ஏவிவிட்டிருக்கலாம்."

பந்தத்தைக் கையில் கொடுத்தவர், ஐயா! எது உண்மையான தேசபக்தி என்று மணிக்கணக்காகப் பேசிய அதே வாய்! தாவீது அவரைத் திரும்பிப் பார்த்தான். எல்லாருக்கும் ஒரே தண்டனைதான் கிடைத்தது, சில மாசம் வேலூர் ஜெயில். அந்த விஷயத்தில் மட்டும் சமத்துவம்.

எனக்கு லீவு முடிந்துகொண்டிருந்தது. அவன் வெளியே வருகிறவரை கப்பலேற மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

விடுதலை நாளில் அக்காவும் நானும் விடியலிலேயே வேலூர் போய் ஜெயில் வாசலில் நின்றோம். மேளம் வந்திருந்தது. கூடை நிறைய நூல் மாலை. கதவு திறந்து வக்கீல் வந்தார், மாலை விழுந்தது. அடுத்தவன் வந்தான், மாலை விழுந்தது. ஒவ்வொருவனாக வந்தான், ஒவ்வொருவனுக்கும் விழுந்தது. கடைசியில் தாவீது வந்தான். மொட்டை அடித்திருந்தார்கள், பாதி உடம்பாகியிருந்தான். மாலைக் கூடை வைத்திருந்தவன் அவனைப் பார்த்தான். கூடையில் இன்னும் மாலை இருந்தது. ஒன்றை எடுத்து வக்கீல் கழுத்தில் இரண்டாவதாகப் போட்டான். மேளம் நகர்ந்துவிட்டது.

தாவீது அந்த வாசலிலேயே நின்றுவிட்டான். அக்கா போய் அவன் கன்னத்தைத் தடவி, "சோறு போட்டானுங்களாடா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவன் அழுதான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, நடுரோட்டில் வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

ஹாஜியார் டேனரியில் அவனுக்கு வேலை இல்லை, ராஜத் துரோகி. முகாமில் இடமில்லை, தேசத் துரோகி. இப்படி இரண்டு பட்டமும் ஒரே ஆளுக்குக் கிடைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊரிலேயே இருந்துவிடுகிறேன், உனக்குத் துணையாயிருக்கும் என்று அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"நீ போய்டு சாமேலு. அங்க உன்னெக் கூலின்னு ஒரே பேரு வச்சுக் கூப்டறான், சகிச்சுக்கலாம். இங்க நாளுக்கு ஒரு பேரு வைக்கிறானுங்க. உன் புள்ளைய இங்க கூட்டியாராத."

அடுத்த கப்பலில் கிளம்பினேன்.

7

டர்பனில் அதே அதிகாரி. அதே மை, அதே பத்து விரல். "ஏன் திரும்பி வந்தாய்?" என்று கேட்டான். பத்து விரலையும் அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பீட்டர் ரயிலடிக்கு வந்திருந்தான். "அத்தையைப் பார்த்தாயா?" என்று கேட்டான். அத்தை முறை அவனுக்கு நினைவிருந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம்.

நான் மறுபடி எடைபோடுகிறேன், தகரத்தை வைத்து மை தடவுகிறேன். ஒவ்வொரு கோணியும் காலியான பிறகு யார் கைக்குப் போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். தடவும்போதெல்லாம் கை கூசுகிறது. சோற்றுக்கு வேறு வழியில்லாததால் தடவுகிறேன்.

போன மாசம் ஆம்பூரிலிருந்து ஒருவன் வந்தான். அவனிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். நன்றாயிருக்கிறாளாம். தாவீதும் அவளோடு மலையடிக்குப் போய்ப் பட்டை உரிக்கிறானாம். கட்சிச் சண்டை இன்னும் ஓயவில்லையாம். ஆகையால் அக்கா ஒரு வேலை செய்கிறாளாம். காலிக் கோணி வந்ததும், உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டு, எழுத்தை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பட்டை அடைக்கிறாளாம். தாவீதுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொடுக்கிறானாம்.

காரியதரிசி ஐயா, உண்மையான தேசபக்தன் யார் என்று எனக்குத் தெரியாது. தான் பிறந்த ஊர் மலையில், தன் கையால் உரித்த பட்டையைத் தன் ஊர்த் தெருவுக்குள் கொண்டுவர என் அக்கா கோணியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அவள் அதைப் புரட்டாமல் நேராகக் கட்டிக்கொண்டு வருகிற நாள் வந்தால் சொல்லியனுப்புங்கள். அன்றைக்கு மேடை ஏறுகிறேன். அதுவரை அந்தத் தலைப்பை என் வாசலுக்குக் கொண்டுவராதீர்கள்.